மெசிர் ஐயா போட்ட கையெழுத்து

எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் பத்து வருஷத்துக்கு மேல் குடியிருந்த ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெரிய படிப்புப் படித்தவர். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் போனவன். அவரைப் பற்றி எழுத அவருடைய நாட்டில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருப்பார்கள். ஆனால் அவர்கள் எழுதினால் அவர் பேப்பரில் எழுதியவற்றைப் பற்றித்தான் எழுதுவார்கள். வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பது எனக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும். எங்களுக்குப் பிறகு அது யாருக்கும் தெரியாமல் போய்விடக்கூடாது.

மலாயாவில் எங்கள் ஊரான லாபிஸ் அப்போது ஒரு ரயிலடி, ஒரு தபாலாபீஸ், எதிரும் புதிருமாக இரண்டு வரிசைப் பலகைக் கடைகள், அவ்வளவுதான். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள், கித்தாத் தோட்டம் என்போம். என்னுடையது மளிகைக் கடை. சிங்கப்பூரில் இருந்த ஓர் அரபுக்காரருக்கு எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு தோட்டம் இருந்தது. அதன் கணக்குகளைப் பார்க்கும் பெரிய கிராணியாக, முதல் பெரிய யுத்தம் முடிந்த பிறகு, இவர் வந்து சேர்ந்தார். எகிப்து தேசத்துக்காரர். மலாய்க்காரர்கள் எகிப்தை மெசிர் என்பார்கள். அவர்கள் ‘துவான் மெசிர்’ என்று கூப்பிட, எங்களுக்கு அவர் மெசிர் ஐயா ஆனார். தோட்டத்தில் அவருக்கு வீடு கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டவுனில் அறை தேடினார். தபாலாபீசுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. எங்கள் கடையிலிருந்து தபாலாபீஸ் கூப்பிடு தூரம்.

சிவந்த மேனி. நரைத்துப்போன மீசை. தலையில் சிவப்புக் குல்லா. குல்லாவைப் பார்த்துவிட்டு முஸ்லிம் என்றுதான் நினைத்தோம். ஒருநாள் கிணற்றடியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முகம் கழுவும்போது பார்த்தேன், வலது மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை பச்சை குத்தியிருந்தது. குழந்தையாக இருக்கும்போதே அவர்கள் ஜனத்தில் குத்திவிடுவார்களாம். கிப்தி என்று சொன்னார். இயேசு சாமிக்குப் பிறகு வந்த முதல் காலத்திலிருந்தே அந்த மண்ணில் இருக்கிற பழைய கிறிஸ்தவர்கள்.

என் மனைவிக்கு இது விளங்கவேயில்லை. “குல்லா போடுறாரு. சிலுவை குத்தியிருக்காரு. மார்கழி மாசம் கறி மீனு தொடாம நம்மள மாதிரி விரதம் இருக்காரு. எந்தச் சாமிங்க இவருக்கு?” என்று கேட்டாள்.

“ஒரே சாமிதான். வேலைதான் நெறைய குடுத்திருக்காரு போல” என்றேன்.

அந்த முதல் மார்கழியில்தான் ஒரு சங்கடம் நடந்தது. அவர்களுடைய கிறிஸ்துமஸ் வெள்ளைக்காரர்களுடையதைப் போல டிசம்பரில் வருவதில்லை. நம் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் வரும். அதற்கு முன்பு நீண்ட விரதம். நாங்கள் ஒரு கறவை மாடு வைத்திருந்தோம். என் மனைவி விடிகாலையில் குளித்து, வாசலில் கோலம் போட்டு, முருகனுக்கு விளக்கேற்றிவிட்டு, அன்று கறந்த பாலைக் காய்ச்சி, பனங்கற்கண்டு போட்டு ஒரு டம்ளர் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தாள். விரதக்காரருக்குப் பால் கொடுத்தால் புண்ணியம் என்று நம்புகிறவள். அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் அவள் டம்ளரை எடுக்கப் போனபோது பால் ஆடை கட்டி அப்படியே இருந்தது.

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. “நம்ம கையால வாங்கிக் குடிக்க மாட்டாரு போலிருக்கு. அங்கயும் சாதி இருக்குமோ என்னமோ” என்றாள். நம் ஊரை விட்டுக் கப்பலேறி வந்த பிறகும் அந்தப் பயம் நம்மை விட்டுப் போவதில்லை.

நான் போய் அவரிடம் கேட்டேன். நாங்கள் பேசிக்கொண்டது எல்லாம் பஜார் மலாய்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் பதறிப்போனார். அவர்கள் விரதத்தில் உயிருள்ள பிராணியிடமிருந்து வருகிற எதுவும் ஆகாதாம். கறி, மீன், முட்டை, நெய் எதுவும் ஆகாது, பாலும் ஆகாது. வேண்டாம் என்று அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“பாலே ஆகாத விரதமா?” என்று என் மனைவி வாயில் கைவைத்தாள். “அப்ப மனுசன் எதைத்தான் குடிக்கிறது?”

மறுநாள் காலையில் அவரே அடுப்படி வாசலுக்கு வந்து, யாரிடமோ கேட்டுப் பழகிக்கொண்ட தமிழில், “அம்மா, பால் வேணாம். கோப்பி ஓ” என்றார். பால் ஊற்றாத கடுங்காப்பியைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். விரதம் முடிந்த அன்றைக்கு மறுபடியும் வந்து நின்றார். “இன்னைக்குப் பால் குடுங்க.” இரண்டு டம்ளர் குடித்தார். அதற்குப் பிறகு எந்த மாதம் ஐயாவுக்குப் பால், எந்த மாதம் கோப்பி ஓ என்பது அவரைவிட என் மனைவிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர் யார் என்பதை எங்களுக்குச் சொன்னவர், கம்பம் என்கிற மலாய்க் குடியிருப்பில் சமயப் பள்ளி வைத்திருந்த மலாய் ஆசிரியர். துவான் குரு என்று எல்லாரும் கூப்பிடுவோம். மெசிருக்குப் போய் ஓதிவிட்டு வந்தவர். அரபு தெரிந்தவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். மெசிர் ஐயா எழுதுவதை வாசிக்கக்கூடிய ஒரே ஆளும் அவர்தான். இருவரும் என் கடை முன்னால் இருந்த அஞ்சடித் தாழ்வாரத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் பொழுது போவது தெரியாது.

“சாதாரண ஆள்னு நெனச்சுக்காதீங்க, ஆனே” என்று துவான் குரு என்னிடம் சொன்னார். அண்ணே என்பதை மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். “நான் அங்க ஓதுன காலத்துல, இவரு பேப்பர்ல எழுதுனத கோப்பிக் கடையில ஒருத்தன் நின்னு சத்தமா வாசிப்பான். மத்தவங்க சுத்தி உக்காந்து கேப்பாங்க. பொம்பளப் புள்ளைங்களப் படிக்க வைக்கணும், அதுங்களக் கேட்டுத்தான் கல்யாணம் பேசணும், கோயில் சொத்துக்குக் கோயில் ஜனங்க கிட்ட பதில் சொல்லணும்னு எழுதுவாரு. எங்க ஆளுங்களும் வாசிப்பாங்க. எங்களுக்கும் அது தேவைப்பட்டுச்சு.”

அதனால்தான் அவர் இங்கே வந்து சேர்ந்திருந்தார். அவருடைய சொந்த ஊரில் ஒரு புண்ணியவதி, அநாதைப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லித் தன் நிலத்தைக் கோயிலுக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனாள். கோயில் நிர்வாகிகள் பிள்ளைகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, கட்டடத்தில் தங்கள் சொந்தக்காரர்களைக் குடிவைத்தார்கள். பள்ளியின் தலைமை ஆசிரியை இதை அவரிடம் சொன்னார். அவர் அதைப் பேப்பரில் எழுதினார். அந்தப் பகுதிக் கோயில்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் அவரைச் சபைக்கு வெளியே நிறுத்திவிட்டார். கோயிலில் கொடுக்கிற அப்பமும் திராட்சை ரசமும் இனி அவருக்குக் கிடையாது. வேலையும் போயிற்று. மனைவி அதற்கு முன்பே இறந்திருந்தார். ஒரே மகளைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, அவர் எழுத்தை வாசித்திருந்த அந்தச் சிங்கப்பூர் அரபுக்காரர் கூப்பிட்டதன்பேரில் கப்பலேறினார்.

வந்த பிறகும் எழுதுவதை விடவில்லை. காலையில் தோட்டத்துக்குக் கிளம்புவதற்கு முன் எழுதுவார். எழுதியது ரயிலில் சிங்கப்பூர் போய், கப்பல் பிடித்து, மெசிர் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும். அவர்கள் பதிலுக்குத் திட்டி எழுதியது இங்கே வர இன்னொரு மாதம். “அவங்க திட்டுனது வந்து சேர்றதுக்குள்ள எனக்குக் கோவம் ஆறிப்போயிடுது. உக்காந்து மறுபடியும் கோவத்த வரவழைக்க வேண்டியிருக்கு” என்று சிரிப்பார். அன்றாடச் செய்தியை அவர் தொடுவதில்லை. இரண்டு மாதம் கழித்து வாசித்தாலும் கெட்டுப்போகாத விஷயத்தைத்தான் எழுதவேண்டும் என்பார்.

என் மூத்த மகளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். என் மனைவி, “படிச்சு அவ என்ன, ரயிலுக்குக் கொடி காட்டப் போறாளா?” என்றாள்.

“காட்டினா என்ன அம்மா, ரயில் நிக்காதா?” என்றார்.

பிள்ளை பள்ளிக்கூடம் போயிற்று.

என்னை அதிசயிக்க வைத்தது வேறு. சபை அவரை வெளியே தள்ளியிருந்தது. அவர் விரதம் இருக்கிறாரா இல்லையா என்று பார்க்க இந்த லாபிசில் அவர் ஜனத்தில் ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் ஒரு விரதம்கூட அவர் விட்டதில்லை. அதிகாலையில் கிழக்குப் பார்த்து நின்று முணுமுணுப்பார். நான் விபூதி பூசிக்கொண்டு வெளியே வரும்போது அவர் அறையில் அந்தச் சத்தம் கேட்கும். சாமி வேறு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மகளுக்குக் கல்யாண வயது வந்தது. தம்பி ஒரு வரன் பார்த்து எழுதினார். சூடானில் அரசாங்க உத்தியோகம் கிடைத்திருந்த பையன். மெசிர் ஐயா உடனே சரி என்று சொல்லவில்லை. மகளுக்கே எழுதிக் கேட்டார். தான் பேப்பரில் எழுதியதைத் தன் வீட்டிலேயே செய்யாவிட்டால் எப்படி என்றார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளையிடமிருந்து பதில் வந்தது. சம்மதம் என்றும், பையனைத் தனக்குத் தெரியும் என்றும், அப்பா கேட்டதற்கு நன்றி என்றும் எழுதியிருந்தாள். அன்று அவர் கடையில் இருந்த எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பின்னால் வந்தது தம்பியின் கடிதம். மேற்றிராணியார், தன் அதிகாரத்தில் உள்ள எந்தக் குருவும் இந்தக் கல்யாணத்தை நடத்தக்கூடாது என்று சொல்லிவிட்டார். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியது பொய் என்று தகப்பன் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, அது அதே பேப்பரில் அச்சாகவேண்டும். அப்படி ஆனால் கல்யாணமும் நடக்கும், அவரையும் சபையில் சேர்த்துக்கொள்வார்கள். இதற்கு நாளும் இல்லை. நமக்கு ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது அல்லவா, அதுபோல அவர்களுக்கு ஈஸ்டருக்கு முன்னால் வருகிற பெரிய விரதத்தில் கல்யாணம் கிடையாது. விரதம் தொடங்குவதற்கு முன் முடிக்காவிட்டால், பையன் வேலையை ஒப்புக்கொள்ளத் தனியாகக் கப்பலேறிவிடுவான், அவன் வீட்டார் வேறு பெண் பார்ப்பார்கள். கணக்குப் பார்த்தால் அந்த வாரத் தபாலில் போனால்தான் உண்டு. மகளுக்கு இது எதுவும் தெரியாது, நாங்கள் சொல்லவில்லை என்று தம்பி எழுதியிருந்தார்.

மெசிர் ஐயா இதை என்னிடமும் துவான் குருவிடமும் அஞ்சடியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்து, என்னவென்று என்னிடம் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“போட்டுக் குடுத்திருங்க ஐயா” என்றாள். “பேப்பருல எழுதுனது நாளைக்கு நம்ம கடையில சீரகம் மடிக்கப் போவுது. பொண்ணு கல்யாணம் அப்படியா?”

நான் மலாயில் சொன்னேன். அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு என்னிடம், “அந்த டீச்சரம்மா சொல்லித்தான் நான் எழுதுனேன்” என்றார். “நான் பொய்ன்னு எழுதினா, அவங்க பொய் சொன்னாங்கன்னு ஆகும். அவங்களுக்கு யாரும் இல்ல. அந்தப் பள்ளிக்கூடத்துலதான் சாப்பாடு, அங்கதான் படுக்கை.”

“பையன் வேற கெடைக்க மாட்டானா?” என்று கேட்டேன்.

“இந்தப் பையனத்தான் அவ சம்மதம்னு சொன்னா. கேட்டது நான்தான். கேட்டுட்டு, இப்ப இல்லன்னு எப்படிச் சொல்றது?”

என் மனைவிக்கு இன்னொரு யோசனை தோன்றியது. சாமி முன்னால் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் மடித்து முருகன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் கையெழுத்துப் போடட்டும் என்றாள். நான் விளக்கிச் சொன்னதும் அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

“நல்ல வழக்கம். ஆனா உங்க சாமிய இதுல இழுத்துவிட வேண்டாம், அம்மா. இந்தப் பழி என்னோடயே இருக்கட்டும்.”

தபால் ரயில் வருகிற நாள் காலையில் அவர் ஒரு தாளோடு கடைக்கு வந்தார். துவான் குருவையும் வரச் சொல்லியிருந்தார். தாளை அவரிடம் நீட்டி, ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். துவான் குரு வாசித்தார். வாசித்து முடித்த பிறகும் தாளைக் கீழே வைக்கவில்லை.

“ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க” என்றார்.

“தெளிவா எழுதுறது என் பழக்கம்” என்றார் மெசிர் ஐயா.

தராசை நகர்த்தி மேசையில் இடம் செய்து கொடுத்தேன். நின்றபடியே கையெழுத்துப் போட்டார். சட்டைக் கை மேலே ஏறி, அந்தப் பச்சைச் சிலுவை தாளுக்குப் பக்கத்தில் தெரிந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். மை காயும்வரை ஊதினார். தபாலாபீசுக்கு நானும் கூட நடந்தேன்.

தம்பி முன்பே எழுதியிருந்த கல்யாண நாளில் என் மனைவி வீட்டை மெழுகித் துடைத்து, பாயசம் வைத்தாள். அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டோம். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என் மூத்த மகள் ஒரு மாலை கட்டி அவர் கழுத்தில் போட்டாள். அவர்கள் ஊர் வழக்கப்படி சர்க்கரை பூசிய பாதாம் பருப்பைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்து எல்லாருக்கும் கொடுத்தார். சீனக் கடைக்காரர், “பொண்ணு எங்கே, மாப்பிள்ளை எங்கே?” என்று கேட்டுச் சிரித்தார். “கடலுக்கு அந்தப் பக்கம்” என்று மெசிர் ஐயாவும் சிரித்தார். அந்த நேரத்தில் அங்கே கோயிலில் மணி அடித்துக்கொண்டிருக்கும் என்று என்னிடம் சொன்னார்.

பெரிய விரதம் தொடங்கியது. வழக்கம்போல அவர் இருந்தார். வழக்கம்போல என் மனைவி கோப்பி ஓ போட்டுக் கொடுத்தாள். விரதம் பாதி கடந்தபோது பேப்பர் வந்தது. அவர் எழுதிக் கொடுத்தது முதல் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. அதே தபாலில், அவரைச் சபையில் சேர்த்துக்கொண்டதாக மேற்றிராணியாரின் கடிதமும், கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று தம்பியின் கடிதமும் இருந்தன. தம்பி கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தார். தலைமை ஆசிரியையை வெளியே அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை அவர் அடுப்படி வாசலுக்கு வந்தார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

“அம்மா, பால் ஊத்திக் குடுங்க” என்றார்.

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். “ஐயா, உங்க விரதம் இன்னும் முடியலீங்களே. நான் நாள் எண்ணிக்கிட்டுத்தான் வரேன்.”

“முடிஞ்சுபோச்சும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். காய்ச்சிய பாலை எடுத்து ஊற்றினாள். ஊற்றும்போதே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

வெளியே தள்ளி வைத்திருந்த காலமெல்லாம் விரதம் பிடித்தவர், உள்ளே சேர்த்துக்கொண்ட பிறகு விட்டுவிட்டார். காலையில் கேட்கிற அந்த முணுமுணுப்பும் நின்றுபோயிற்று. எனக்கு மனசு தாங்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். “சாமி என்ன பண்ணுச்சு ஐயா?”

“சாமி ஒன்னும் பண்ணல” என்றார். “வெளிய நின்னப்ப எனக்கும் அவருக்கும் நடுவுல ஒன்னும் இல்ல. இப்ப என் கையெழுத்து நடுவுல இருக்கு. அதத் தாண்டிப் போக எனக்கு வெக்கமா இருக்கு.”

அதற்குப் பிறகு அவர் பேப்பருக்கு எழுதவில்லை. பேப்பர் ஆசிரியர் கேட்டுக் கடிதம் போட்டார். எழுதவில்லை. தலைமை ஆசிரியைக்கு ஒரு கடிதம் போட்டார் என்று தெரியும். பதில் வரவில்லை. தோட்டத்துக்குப் போவார், வருவார். முன்பெல்லாம் தபால் ரயில் ஊதும் சத்தம் கேட்டதும் குல்லாவை எடுத்து மாட்டுவார். இப்போது ரயில் வந்து போவது அவர் காதில் விழுந்த மாதிரியே இருக்காது.

துவான் குருவுக்குப் பொறுக்கவில்லை. “எழுதுங்க. கட்டாயப்படுத்தி வாங்குனாங்கன்னு எழுதுங்க. கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே” என்றார்.

“எழுதலாம்” என்றார் மெசிர் ஐயா. “அந்தப் பேப்பர அவ கண்ணுல படாமத் தம்பி மறைச்சுட்டான். இப்ப எழுதினா அவ வாசிப்பா. தன் கல்யாணத்துக்கு என்ன குடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்குவா. அவ இப்ப வாயும் வயிறுமா இருக்கா. மாப்பிள்ள தங்கமான பையனாம். லெட்டருக்கு லெட்டர் சந்தோஷமா எழுதுறா.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அவ சந்தோஷமா இருக்கா பாருங்க. அதான் எனக்கு வாய் இல்லாமப் போச்சு.”

பேரன் பிறந்த சேதி வந்தது. மடியில் குழந்தையோடு மகள் எடுத்துக்கொண்ட படம் வந்தது. எங்களிடம் காட்டினார். நல்ல லட்சணமான பெண், அவர் கண் அப்படியே. என் மனைவி படத்துக்குத் திருஷ்டி கழித்தாள். அவர் அதைச் சுவரில் மாட்டவில்லை. பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

கித்தா விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிய காலம் வந்தது. அவர் தோட்டத்தையும் பாதி மூடினார்கள். ஊருக்கோ மகள் வீட்டுக்கோ போய் இருங்கள் என்று நான் சொன்னேன். போனால் கோயிலுக்குப் போகவேண்டும், போனால் முன்வரிசையில் உட்காரவைப்பார்கள் என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. அந்த மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாலைந்து நாள் நினைவு இருந்தும் இல்லாமலும் கிடந்து, நான் விபூதி எடுத்துக்கொண்டு போன ஒரு காலையில் போய்விட்டார். அவர் நெற்றியில் பூசலாமா என்று தெரியாமல் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் சபைக் குரு யாரும் பக்கத்தில் இல்லை. தோட்டத்துக் கிறிஸ்தவர்கள், நம் தமிழ் ஜனங்கள், வந்து தூக்கினார்கள். அவர்களில் செபம் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் தெரிந்ததைச் சொன்னார். துவான் குரு மழையில் குடையில்லாமல் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் நாள் கோயில் குரு வீட்டுக்கு வந்து செபம் பண்ணினால்தான் உயிர் அந்த இடத்தை விட்டு நிம்மதியாகப் போகும் என்று மெசிர் ஐயா எப்போதோ சொல்லியிருந்தார். வருவதற்கு யாரும் இல்லை. என் மனைவி அறையைக் கழுவி, சாம்பிராணி போட்டு, சன்னலைத் திறந்து வைத்தாள். இப்போது அவருக்கு விரதமா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாள் எண்ணுவதை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. இரண்டு டம்ளர் வைத்தாள். ஒன்றில் பால், ஒன்றில் கோப்பி ஓ. எந்தக் காலமோ, ஐயா பார்த்து எடுத்துக்கட்டும் என்றாள்.

துவான் குருவைக் கொண்டு மகளுக்குச் சேதி எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. துவான் குரு கடையில் உட்கார்ந்து, அரபில் ஒரு வரி வாசிப்பதும் மலாயில் எனக்குச் சொல்வதுமாக இருந்தார். நான் அதை உள்ளே நின்ற என் மனைவிக்குத் தமிழில் சொன்னேன். எங்களுக்கு நன்றி சொல்லி நிறைய எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். ‘என் கல்யாணத்துக்காக அப்பா எதையோ விட்டுக்கொடுத்தார் என்று இப்போது சொந்தக்காரர்கள் ஜாடையாகப் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் ஏன் எழுதவில்லை என்று நானும் யோசிக்கிறேன். நீங்கள் அவரோடு இருந்தவர்கள். மறைக்காமல் சொல்லுங்கள். அப்பா மனசு உடைந்தா போனார்?’

துவான் குரு கடிதத்தை மடித்தார். கடைக்கு வந்த ஒருவருக்கு நான் உப்பு நிறுத்துக் கொடுத்தேன்.

“சொல்லுங்க ஆனே. நீங்க சொல்றத நான் எழுதுறேன்” என்றார் துவான் குரு.

நான் தினம் முருகன் முன்னால் நின்று பொய் சொல்லாமல் இருக்க வரம் கேட்கிறவன். கடையில் தராசைத் தொட்டு உண்மை பேசுகிறவன் என்று ஊரில் பெயர். மெசிர் ஐயா வாயை மூடிக்கொண்டு கிடந்தது எதற்காக என்றும் எனக்குத் தெரியும். அந்தப் பெண் மறைக்காமல் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். உண்மையைக் கேட்க அவளுக்கு உரிமை இல்லையா? கேட்காமல் எதையும் தீர்மானிக்கக்கூடாது என்று எழுதினவரின் மகள்.

உள்ளேயிருந்து என் மனைவி பேசினாள். “புள்ளக்காரிங்க. சந்தோஷமா இருந்தாருன்னு எழுதச் சொல்லுங்க.”

“அப்புறம் ஏன் பேப்பருக்கு எழுதலன்னு அந்தப் புள்ள கேக்குதே?” என்றேன்.

“கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்லுங்க.”

நான் அப்படியே சொன்னேன். கல்யாணத்தில் அவருக்குப் பூரண சந்தோஷம். கடைசிக் காலத்தில் பார்வை மங்கிவிட்டது, அதனால் எழுத முடியவில்லை. ஒரு குறையும் இல்லாமல் நிம்மதியாகக் கண்மூடினார். துவான் குருவின் பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு எழுதினார். முடித்துவிட்டு ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட இடம் காட்டினார். எனக்குத் தமிழில்தான் போடத் தெரியும். போட்டேன்.

துவான் குரு மை காயும்வரை காத்திருந்து உறையில் போட்டு ஒட்டினார். “அல்லா மன்னிப்பான்” என்று மெதுவாகச் சொன்னார். தன்னைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் விளக்கேற்றினேன். முருகன் முன்னால் நின்றேன். வழக்கமாகக் கேட்கிற வரத்தைக் கேட்க வாய் வரவில்லை. என் மனைவி பின்னால் வந்து நின்று, “பூசிக்குங்க” என்றாள். அவளே விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டாள்.